படத்தோடு போன சீட்டு

அன்று அந்த மொட்டை மாடியில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் பவர் பிரஸ் ஓட்டியவன். வலது கையில் இரண்டு விரல் பிரஸ்ஸோடு போயிற்று. பிறகு கல்யாண வீடுகளில் லைட் பிடித்தேன். இப்போது டிரோன் பறக்கவிடுகிறேன்.

என் கூட்டாளி. பூந்தமல்லியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நிக்காஹ், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பார். ஊர் அவரை பாய் என்கிறது. நான் மச்சான் என்பேன். அவரும் என்னை அப்படித்தான்.

வீட்டுக்காரம்மா. திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. என்னைவிட மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன்.

அவருடைய தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இருபத்தாறு வயது. மஞ்சள் பனியன் போட்டிருந்தான்.

நான்கு பேர். வேறு யாரும் இல்லை. போலீஸில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப இதையே சொன்னேன்.

அக்கா வீட்டிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ஒரு குட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்பர் லாரிகள் வந்து இடித்த கட்டடக் கழிவை அதில் கொட்டின. ஆபீஸ் எல்லாம் லீவு என்பதால் ஞாயிறு. பாதிக் குட்டை காணாமல் போயிருந்தது. தரையில் நின்று எடுத்த போட்டோவில் அது தெரியவில்லை. கல் மேடும் வேலிக்காத்தான் புதரும்தான் தெரிந்தன. மேலே இருந்து எடுத்துத் தாருங்கள், மனுவோடு வைக்க வேண்டும் என்று அக்கா கேட்டார். சரி என்றோம்.

காலையில் கிளம்பும் முன் என் வீட்டு மாடியில் முதல் படம் எடுத்துவிட்டேன். அது என் வழக்கம். முதலில் வாங்கிய டிரோனை மூன்றாவது நாளே பருந்து அடித்தது. கிணற்றில் போய் விழுந்தது. இரண்டாவது வாங்கியபோது என் மனைவி மாடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள், புது லாரிக்கு வைப்பதுபோல. டிரோன் பழத்துக்கு நேர் மேலே எழும்பும். இடுப்பு உயரத்தில் நின்று கீழே பார்த்து ஒரு படம் எடுக்கும். பிறகு இறக்கிப் பெட்டியில் வைத்துக் கிளம்புவேன். எந்த வேலைக்குப் போனாலும் கார்டில் முதல் படம் எலுமிச்சம்பழம். நாலு வருடமாக டிரோன் விழவில்லை.

பாய் சிரிப்பார். "இன்னா மச்சான், பொண்ணுக்கு மின்னாடி பழத்துக்கு ஃபோட்டோ புடிக்கற. ஆல்பத்துல மொத பக்கம் ஒட்டிடட்டா?"

"ஒட்டிக்கோ" என்பேன்.

அன்று அக்கா வீட்டு மாடியிலிருந்து டிரோனை ஏற்றினேன். இரண்டு மாடி வீடு. குட்டைக் கரை வரைக்கும் கொண்டுபோய் ஒரே இடத்தில் நிறுத்தினேன். போன் திரையை நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு டிப்பர் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒருவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். குட்டையை ஒட்டிய பழைய இரும்புக் கிடங்கின் வாட்ச்மேன். அறுபது வயதுக்கு மேல். அக்கா கேன்டீனில் மிஞ்சிய சாம்பார் சாதத்தை அவருக்குத்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்.

லாரி நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் இரும்புப் பைப்.

டிரோனில் சத்தம் வராது. மேலே இருந்து பார்த்தால் முகமும் தெரியாது. தலைகள்தான், அவற்றிலிருந்து நீளும் கைகள்தான். ஒரு தலை பின்னால் போயிற்று. இரண்டு தலைகள் அதைப் பிடித்தன. பைப் மேலே போயிற்று. அதன் நிழல் தரையில் நீண்டது. வெயில் நன்றாக இருந்தது.

நான் பட்டனை அழுத்தினேன்.

ஏன் அழுத்தினாய் என்று பிறகு கேட்டார்கள். தெரியாது. பதினெட்டு வருடம் பிரஸ்ஸில் நின்றவன். பிரஸ்ஸின் ராம், அந்த இரும்புத் தலை, மேலே போகும், தகடை வைப்பேன், காலால் அழுத்துவேன், அது இறங்கும். உடம்பு அந்தக் கணக்கிலேயே நிற்கிறது. பைப் மேலே போகிற ஒவ்வொரு தடவையும் என் கட்டைவிரல் அழுத்தியது. அவர் மண்டியிட்டார். அழுத்தினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அழுத்தினேன். சாய்ந்த பிறகும் பைப் மேலே போயிற்று.

"யோவ், நம்ம வாட்ச்மேன்யா அது" என்றான் தம்பி. ஓடினான். படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

"டேய், போவாதடா, டேய்!" என்று அக்கா கத்தினார்.

பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மச்சான், எறக்கு. எறக்கிடு. நமக்கு வாணாம்."

நான் இறக்கவில்லை. தம்பி எங்கே போகிறான் என்று பார்க்க காமிராவை வீட்டுப் பக்கம் திருப்பினேன். சந்தில் மஞ்சள் பனியன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படம் எடுத்தேன். மறுபடி குட்டைப் பக்கம் திருப்பினேன். பைப் இன்னும் நிற்கவில்லை.

தம்பி கரை ஏறியதும் அவர்கள் லாரியில் ஏறிவிட்டார்கள். மேலே யாரும் பார்க்கவில்லை. லாரி இன்ஜின் சத்தத்தில் டிரோன் கேட்டிருக்காது.

தம்பி வாட்ச்மேனைத் தூக்கித் தன் லோடு ஆட்டோவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மஞ்சள் பனியன் முழுக்க ரத்தம். அன்று சாயங்காலமே போலீஸ் அவனைப் பிடித்தது. அந்த மூன்று பேரும் முந்திக்கொண்டு புகார் கொடுத்திருந்தார்கள். லோடு ஆட்டோக்காரனுக்கும் வாட்ச்மேனுக்கும் தகராறு, அவன்தான் அடித்தான், நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று. பனியனில் ரத்தம் இருந்தது. ஆட்டோவில் ரத்தம் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வாட்ச்மேனுக்கு நினைவு போயிற்று, திரும்ப வரவே இல்லை. மூன்றாம் நாள் செத்துப்போனார். அடிதடி கேஸ் கொலைக் கேஸ் ஆயிற்று. தம்பியை உள்ளே வைத்தார்கள்.

படங்களோடு ஸ்டேஷனுக்குப் போனோம். பாய் இன்ஸ்பெக்டருக்கு வாட்ஸ்அப்பில் முதலிலேயே அனுப்பியிருந்தார். இன்ஸ்பெக்டர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் மண்டையா இருக்கே. இதுல யாரு எவன்?"

"இது பைப் வெச்சிருக்கறவன் சார். இது பெரியவரு. இந்த மஞ்சா பனியன்தான் தம்பி. சந்துல ஓடுது பாருங்க" என்றார் பாய்.

"ஓடுது, சரி. இது எப்ப எடுத்தது? அடிக்க ஓடுறானா, காப்பாத்த ஓடுறானா? வேற நாளு ஓடுனதா? படத்துல மணி போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. வெளியே வந்தோம். அக்கா ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

பாய் ஸ்டுடியோவுக்குப் போய் கார்டை கம்ப்யூட்டரில் போட்டார். ஒரு படத்தின் மேல் வைத்து எதையோ அழுத்தினார். பக்கத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. எழுத்தும் எண்ணுமாக நீளமாகப் போயிற்று.

"இத பாரு மச்சான். படத்துக்குள்ளயே ஒளிஞ்சிகினு கீது. நாள், மணி, நிமிஷம், செகண்டு. டிரோன் நின்ன எடம். எத்தினி மீட்டர் ஒசரம். காமிரா எந்தத் தெசையப் பாக்குது, எவ்ளோ குனிஞ்சி பாக்குது. இது உன் டிரோனோட நம்பர். நீ அழுத்துன ஒவ்வொரு தபாவும் இதெல்லாம் அதுவா எழுதிக்கினு போயிகீது."

"ஸ்டேஷன்ல காட்னதுல ஏன் இல்ல?"

"அது போட்டோவா அனுப்புனது. வாட்ஸ்அப்பு சுருக்கி அனுப்பும். இதயெல்லாம் உருவிட்டு வெறும் படத்தத்தான் தரும். டாக்குமெண்டா அனுப்புனாத்தான் அப்பிடியே போவும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நான் ஏழாவது வரை. இங்கிலீஷ் வராது. ஆனால் பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு டிரேயோடும் ஒரு சீட்டு போகும். எந்த மிஷின், எந்த ஷிப்டு, யார் ஓட்டினார், என்ன அளவு. பீஸ் எங்கே போனாலும் சீட்டும் கூடவே போகும். டெல்லியில் ஒரு பீஸ் விரிசல் விட்டால் அம்பத்தூரில் என் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதேபோன்ற சீட்டுதான் இது. கண்ணுக்குத் தெரியாத சீட்டு.

படங்களை வரிசையாகப் பார்த்தோம். பைப் தூக்கிய படங்கள். நடுவில் சந்துப் படம். மறுபடி பைப் தூக்கிய படங்கள். டிரோன் அசையாமல் நின்றிருக்கிறது. இடம் ஒன்று, உயரம் ஒன்று. சந்துப் படத்தில் மட்டும் திசை மாறியிருந்தது. நொடிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏறின. அதாவது தம்பி சந்தில் ஓடும்போது குட்டையில் அடி நடந்துகொண்டிருந்தது. அடித்தவன் வேறு ஒருவன்.

"பையன் வெளிய வந்துட்டான்னு வெச்சிக்கோ" என்றார் பாய். அக்காவுக்குப் போன் போட்டார். வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்றார் அக்கா.

பாய் எப்போதும் படங்களை டாக்குமெண்டாகத்தான் அனுப்புவார். ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். போட்டோவாக அனுப்பினால் கிளாரிட்டி போய்விடும், கல்யாண வீட்டில் திட்டுவார்கள். முதல் நாள் அவசரத்தில்தான் தவறிவிட்டார். இப்போது போல்டரை முழுசாகத் தேர்ந்தெடுத்து டாக்குமெண்டாக அக்காவுக்கு அனுப்பினார். அக்கா வக்கீலுக்கு அனுப்பினார். குட்டைக்காக ஊரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். எழுபது எண்பது பேர் இருப்பார்கள். அதிலும் போட்டார். எல்லாரும் பார்க்கட்டும், தம்பி அடிக்கவில்லை என்று தெரியட்டும் என்று.

போல்டரில் முதல் படம் எலுமிச்சம்பழம். சிமெண்டுத் தரை, மஞ்சள் பழம், அவ்வளவுதான் அதில். அதை எடுக்க வேண்டும் என்று பாய்க்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதோடும் ஒரு சீட்டு போயிற்று. என் வீட்டு மாடி எங்கே இருக்கிறது என்று எழுதிய சீட்டு.

அடுத்த வாரம் புதன்கிழமை வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் விழா. பதினொரு மணி இருக்கும். மனைவியின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு ஆண்.

"இன்னா நைனா, சவுக்கியமா? உன் ஊட்லதான் குந்திகினு கீறோம். டீ போடச் சொன்னா ஒய்ப்பு போட மாட்டேன்னுது."

"யார் நீ?"

"மேலேர்ந்து எங்க மண்டையல்லாம் ஃபோட்டோ புடிச்சியே, அந்த மண்டைங்கதான்."

"என் ஊடு எப்பிடித் தெரியும்?"

"எலுமிச்சம்பழம் கூப்ட்டுச்சு, வந்தோம்." பின்னால் ஒருவன் சிரித்தான். "உங்க குரூப்புல எங்க ஆளும் கீறான். படத்துக்குள்ள கீற எட நம்பரத் தூக்கி மேப்புல போட்டா உன் மொட்ட மாடியில போயி குத்திக்கினு நிக்குது. பேஜார் புடிச்சவன்டா நீ. கார்டு எடுத்துகினு வா. வயில போலீஸு கீலீஸுன்னு நின்ன, அப்பால இவ கையால நீ சோறு துன்ன மாட்ட."

வேலப்பன்சாவடியிலிருந்து என் வீடு முக்கால் மணி நேரம். டிரோனைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போனேன். அவர்கள் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டினார்களாம். மேப்பில் குறி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. டிரோன் விடுகிறவர் வீடு எது என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டிவிட்டார்.

என் மனைவி வீட்டில் ரப்பர் வேலை செய்கிறாள். எஸ்டேட்டிலிருந்து மூட்டை மூட்டையாக ரப்பர் வளையம் வரும். ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டிக் கொடுக்க வேண்டும். நான் உள்ளே நுழைந்தபோது அந்த வளையங்கள் வீடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் வைத்திருந்தாள். அது கை மாதிரி இல்லை. கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். இரண்டு தடவை. நான் வரும் முன்பே.

"இன்னா பண்ணிட்டீங்கடா" என்றேன்.

"கார்டு எங்க கீதுன்னு கேட்டோம். தெரியாதுன்னுச்சு. திருப்பிக் கேட்டோம்."

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. கார்டு டிரோனுக்குள் இருந்தது.

வீட்டுக்குள் இரண்டு பேர். வாசலில் பைக்கில் ஒருவன். என் கையில் ஹெல்மெட் இருந்தது. பக்கத்தில் நின்றவன் மூக்கில் அடித்தேன். உடைந்தது. எலும்பு உள்ளே போவது கையில் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது நினைத்தாலும் பிடிக்கிறது. இன்னொரு தடவை அடிக்க ஓங்கினேன். அதற்குள் மற்றவன் என் முதுகில் பைப்பை இறக்கினான். விழுந்தேன். வாசலில் இருந்தவனும் உள்ளே வந்தான். பிறகு எத்தனை விழுந்தது என்று எண்ணவில்லை. வாயில் ரத்தமும் ஒரு பல்லும் இருந்தன. ரப்பர் வளையங்கள் முகத்தில் ஒட்டிக்கொண்டன. ரப்பர் வாசனை, ரத்த வாசனை. மனைவி கத்தவில்லை. "போதும் உடுங்க, போதும் உடுங்க" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூக்கு உடைந்தவன் பையைக் கிழித்து டிரோனை எடுத்தான். கார்டை உருவினான். சமையலறையில் கேஸைப் பற்றவைத்து இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டினான். பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. டிரோனைத் தரையில் வைத்து அம்மிக் குழவியைத் தூக்கி அதன் மேல் போட்டான். நான்கு கைகளும் நான்கு பக்கம் போயின.

போகும் முன் பக்கத்தில் குந்தினான். மூக்கிலிருந்து ரத்தம் என் சட்டையில் சொட்டியது.

"குரூப்புல போனதெல்லாம் காப்பி. எங்க வக்கீல் சொல்ட்டாரு. ஒரிஜினல் எரிஞ்சிபோச்சு. இது என் மிஷின்ல நான் எடுத்தது, ஒண்ணும் மாத்தலன்னு நீ போயி கையெழுத்துப் போட்டாத்தான் அந்தக் காப்பிக்கு உசுரு. போட மாட்ட, இன்னா? போட்டா இன்னொரு கை கீது அவளுக்கு."

அரசு ஆஸ்பத்திரியில் மனைவியின் கைக்கு ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எனக்கு விலா எலும்பு இரண்டு விரிசல். பாய் தினமும் வந்தார். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்.

"நான்தான் மச்சான் அனுப்புனேன். அந்தப் பழத்த எடுத்துட்டு அனுப்பியிருக்கணும்."

"பழத்த ஃபோட்டோ புடிச்சது நானு."

"ஹார்டு டிஸ்குல எல்லாம் கீது. அழிச்சிடட்டா சொல்லு. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க."

"இருக்கட்டும்."

அக்கா ஒரு நாள் வந்தார். தூக்குச் சட்டியில் ரசம் சாதம் கொண்டுவந்தார். என் மனைவியின் கைக் கட்டைப் பார்த்தார். சட்டியைக் கட்டிலின் கீழே வைத்தார். கையெழுத்துப் போடு என்று கேட்கவில்லை. ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள்: "நீ கையெழுத்து போடலன்னா அந்தப் பையன் இன்னா ஆவான்?"

"உள்ளதான் இருப்பான்."

"எத்தினி வருசம்?"

"கொலைக் கேசு. ஆயுசுக்கும் சொல்றாங்க."

சாதத்தை இடது கையால் பிசைந்தாள். பழக்கமில்லை, பாதி கீழே சிந்தியது.

"கத்தரி புடிக்கற கை போயாச்சு. இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது. ஒடச்சிக்கினு போவட்டும். நீ போய் போட்டுட்டு வா."

உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வக்கீல் ஆவடியில் ஒரு மேலதிகாரியிடம் கூட்டிப்போனார். பெண் அதிகாரி. அதிகம் பேசாதவர். பக்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒருவர் இருந்தார். பாய் ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்திருந்தார். நான் ஒரு அரிசிப் பையைக் கொண்டுபோயிருந்தேன்.

கம்ப்யூட்டர்காரர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"மேடம், இதுல உயரம் தப்பா இருக்கு. முப்பது மீட்டர்னு காட்டுது. படத்துல லாரியோட அளவ வெச்சுக் கணக்குப் பண்ணா முப்பத்தேழு, முப்பத்தெட்டு வருது. யாரோ மாத்தியிருக்காங்க. எதிர்த்தரப்பு இத ஒண்ணப் புடிச்சாலே போதும்."

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"அது தரையிலேர்ந்து கணக்கு இல்லீங்க" என்றேன். "டிரோன் எங்கேர்ந்து எழும்புதோ அதத்தான் பூஜ்யம்னு வெச்சிக்கும். நாங்க மொட்ட மாடியிலேர்ந்து ஏத்துனோம். ரெண்டு மாடி. அப்பறம் கைப்பிடிச் சுவரு மேல வெச்சி எழுப்புனேன். அளந்து பாருங்க."

மறுநாள் ஆள் அனுப்பி அளந்தார்கள். தரையிலிருந்து கைப்பிடிச் சுவரின் தலை வரைக்கும் ஏழரை மீட்டர். கம்ப்யூட்டர்காரர் காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"கார்டு எரிஞ்சுபோச்சே. இந்தப் படம் இவர் டிரோன்தான் எடுத்ததுன்னு எப்படிச் சொல்றது?" என்று அதிகாரி கேட்டார்.

அரிசிப் பையைத் திறந்து மேஜையில் கொட்டினேன். உடைந்த கைகள், நசுங்கின உடம்பு, இறக்கைத் துண்டுகள். நடுவில் இரண்டு மூன்று ரப்பர் வளையங்களும் இருந்தன. உடம்பைத் திருப்பி பேட்டரி இருந்த பள்ளத்தைக் காட்டினேன். அங்கே ஒரு ஸ்டிக்கர். எழுத்தும் எண்ணுமாகச் சின்னதாக. கம்ப்யூட்டர்காரர் லென்ஸ் வைத்துப் படித்தார். அதிகாரி படத்தின் பட்டியலில் இருந்த டிரோன் நம்பரைத் திரையில் படித்தார். ஒவ்வொரு எழுத்தாக மாறி மாறிச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவர்கள் கார்டை எரித்தார்கள். டிரோனை உடைத்தார்கள். உடைத்ததை அள்ளிக்கொண்டு போகவில்லை.

பைப் தூக்கிய படங்களைப் பெரிதாகப் போட்டு மேஜையில் வரிசையாக அடுக்கினார்கள். சந்துப் படத்தை அதன் இடத்தில் வைத்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் நொடியை எழுதினார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கையெழுத்துப் போட நேரம் ஆகும். விரல் இல்லை. அதிகாரி அவசரப்படுத்தவில்லை.

கடைசிப் படத்தில் போடும்போது கேட்டார்: "நீங்க ஏன் கீழ இறங்கி ஓடல?"

கையெழுத்தை முடித்தேன்.

மூன்று பேரையும் பிடித்தார்கள். என் வீட்டில் நடந்தது தனிக் கேஸ். மூக்கு உடைந்தவன் என் மேல் ஒரு புகார் கொடுத்திருக்கிறான், அதுவும் நடக்கிறது. லாரிகள் நின்றன. கொட்டிய கழிவை யாரும் அள்ளவில்லை. தம்பியின் பெயரைக் கேஸிலிருந்து எடுத்தார்கள். வெளியே வந்தான்.

வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். தலையில் மொட்டை. மனைவியின் கையைப் பார்த்தான். அவள் இடது கையால் பிசிறு வெட்டப் பழகிக்கொண்டிருந்தாள். மணிக்கு நூறு வெட்டுகிறவள் இப்போது இருபது வெட்டுகிறாள். தம்பி அவள் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி வளையத்தை எடுத்து, கத்தரி இல்லாமல் நகத்தால் பிசிறைக் கிள்ளினான்.

"உடு தம்பி, நகம் பூடும்" என்றாள்.

"இருக்கட்டும் அண்ணி."

கொஞ்ச நேரம் கிள்ளினான். தலையைத் தூக்காமல் என்னிடம் கேட்டான்.

"அண்ணாத்தே. பெரியவரு ஆட்டோல என்னயப் பாத்துக்கினே வந்தாரு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள கீறப்ப அதே நெனப்பு. அந்தச் சந்துப் படம் எடுத்தியே."

"ஆமா."

"அப்ப நான் எங்க கீறேன்?"

"பால் பூத் தாண்டி. பாதி தூரம்."

"செருப்பு அறுந்துச்சு அங்க. நின்னு கழட்டிப் போட்டுட்டு ஓடுனேன்."

"ம்."

"உன்னாண்டதான் செகண்டு கணக்குல கீதுன்னு வக்கீல் சொன்னாரு. அந்தப் படத்துக்கு அப்பால எத்தினி அடி வுழுந்துச்சு?"

மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று பார்த்தாள். அவன் சிறையில் இருந்து வந்தவன். கேட்கிறான். எண்ணியது நான்தான்.

"ஆறு."